ஹாவொர்த் எந்தப் பாரிஷில் இருக்கிறது? இங்கிலாந்தின் பழைய கெசட்டியர்களைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பென்னைன் மலைச்சரிவில் ஹாவொர்த் என்று ஓர் ஊர். பிராண்டி சகோதரிகள் வாழ்ந்து எழுதிய ஊர் என்பதால் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் இந்த ஊரைத் தேடுகிறவருக்கு அரை மணி நேரத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும். ஒரு பதிவு அதை பிராட்ஃபோர்ட் பாரிஷில் வைக்கிறது. அதே பதிவின் அடுத்த சொல் கீத்லி மாவட்டம் என்கிறது. இன்னொரு நூல் மோர்லி வேப்பன்டேக் என்கிறது. மக்கள்தொகை ஓரிடத்தில் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. இன்னோரிடத்தில் அதைவிட வெகுவாகக் குறைந்து நிற்கிறது.

இவற்றில் எதுவும் பிழையல்ல. ஹாவொர்த் என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு எல்லைகள் இருந்தன. ஒவ்வோர் எல்லையும் வெவ்வேறு காரியத்துக்காக, வெவ்வேறு நூற்றாண்டில் வரையப்பட்டது. கெசட்டியர் அவற்றையெல்லாம் ஒரே பத்தியில் அடுக்கிவைத்தது. எந்த எண் எந்த எல்லைக்கு உரியது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் அந்தப் பத்தி ஊரின் வரலாற்றையே திறந்துவிடும். தெரியாவிட்டால், தவறான எண்ணை எடுத்துத் தவறான முடிவுக்குப் போவோம்.

கெசட்டியர் என்றால் என்ன

கெசட்டியர் என்பது இடப்பெயர் அகராதி. ஊர்ப் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அது இருக்கும் இடம், பக்கத்து நகரத்திலிருந்து தொலைவு, பரப்பு, மக்கள்தொகை, தேவாலயம், பள்ளி, தொழில், சந்தை நாள் என்று சில வரிகள் இருக்கும். நம்மவர்களுக்கு இந்தச் சொல் அறிமுகமானது ஆங்கில ஆட்சிக்காலத்து மாவட்ட கெசட்டியர்கள் வழியாக. வில்லியம் வில்சன் ஹன்டர் தொகுத்த இந்தியப் பேரரசு கெசட்டியர் முதலில் 1881இல் வெளிவந்தது. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இந்தியாவில் அது அரசு செய்த வேலை. இங்கிலாந்தில் இத்தகைய நூல்களைப் பெரும்பாலும் தனியார் பதிப்பாளர்கள், விற்பனைக்காகத் தொகுத்தார்கள். விற்க வேண்டிய நூல் என்பதால், வாங்கக்கூடியவர்களுக்கு எது தேவையோ அது முன்னால் நின்றது. இதைப் பின்னால் பார்ப்போம்.

இன்று இணையத்தில் அதிகமாகக் கண்ணில் படுபவை இவை.

1. எட்வர்ட் பெய்ன்ஸ் வெளியிட்ட யார்க்ஷயர் வரலாறு, வணிகர் பட்டியல், கெசட்டியர். வெஸ்ட் ரைடிங் தொகுதி 1822இல் வந்தது. ஊரில் யார் கடை வைத்திருந்தார், யார் விடுதி நடத்தினார் என்று பெயரோடு சொல்லும்.

2. சாமுவேல் லூயிஸின் இங்கிலாந்து நிலவியல் அகராதி. முதல் பதிப்பு 1831இல். 1840களின் இறுதி வரை திருத்திய பதிப்புகள் தொடர்ந்தன. தேவாலய விவரங்களில் மிகவும் விரிவானது.

3. ஜான் மாரியஸ் வில்சனின் இங்கிலாந்து, வேல்ஸ் பேரரசு கெசட்டியர். 1870 முதல் 1872 வரை. சுருக்கக் குறிகள் நிரம்பியது. குறைந்த இடத்தில் நிறைய எண்கள் தரும்.

4. ஜான் பார்த்தலோமியூவின் பிரிட்டிஷ் தீவுகள் கெசட்டியர், 1887. ஒவ்வோர் ஊருக்கும் ஓரிரு வரிகள்தான்.

போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் நடத்தும் தளம் ஒன்று வில்சனையும் பார்த்தலோமியூவையும் வரைபடங்களோடும் மக்கள்தொகைக் கணக்கோடும் இணைத்து இலவசமாகத் தருகிறது. லூயிஸின் அகராதியும் முழுமையாக இணையத்தில் கிடைக்கிறது. நூல் கைக்கு எட்டுவதில் இப்போது சிக்கல் இல்லை, சொற்களில்தான் சிக்கல்.

பாரிஷ்: நிலத்தைவிடக் கடமை

பாரிஷ் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. மக்களின் சேகரமும் ஏறத்தாழ இதுதான். ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் மக்களும் இடமும் என்று பொருள். இங்கிலாந்தில் இது சபைக்குள் நிற்கவில்லை. நாட்டின் அடிப்படை ஆட்சி அலகாகவே வளர்ந்தது. படிகள் இவை.

1. முதலில் இருந்தது தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை யார் எந்தத் தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பாரிஷ் எல்லையை உறுதிப்படுத்தியது.

2. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். பாரிஷ் ஆவணக் காப்பகமாகவும் ஆனது.

3. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், வறியவர்களைக் காக்கும் பொறுப்பைப் பாரிஷின் தலையில் வைத்தது. அதற்காக வரி தண்டும் அதிகாரமும் கிடைத்தது.

4. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம், ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதைச் சட்டப் பிரச்சினையாக்கியது. சொந்த ஊர் எதுவோ அங்கேதான் உதவி. அங்கு உரிமை இல்லாதவரைத் திருப்பி அனுப்பலாம்.

ஆக, பாரிஷ் எல்லை என்பது, இந்தக் குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுப்பது, இந்த விதவைக்கு யார் சோறு போடுவது, இந்தப் பிணத்தை எந்த மண்ணில் அடக்கம் செய்வது என்ற கேள்விகளுக்கான விடை. கெசட்டியர் அச்சான காலத்தில் இந்த எல்லைகள் உயிரோடு இருந்தன. அதனால்தான் லூயிஸ் ஒவ்வோர் ஊரையும் பாரிஷா, சேப்பல்ரியா, டவுன்ஷிப்பா என்று சொல்லித்தான் தொடங்குகிறார். அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டால் மற்றவை புரியாது.

வடக்கில் ஏன் இவ்வளவு சிக்கல்

இங்கிலாந்தில் பழைய பாரிஷ்கள் ஏறத்தாழ பத்தாயிரம். தெற்கில் பெரும்பாலும் ஒரு கிராமம், ஒரு தேவாலயம், ஒரு பாரிஷ். கெசட்டியர் பதிவும் எளிது. வடக்கு அப்படியல்ல. பாரிஷ்கள் வரையப்பட்ட காலத்தில் அங்கே புல்வெளியும் மேட்டுநிலமும்தான் மிகுதி, குடிகள் குறைவு. ஒரு தேவாலயத்தைக் காப்பாற்றப் போதிய தசமபாகம் வேண்டுமானால் பெரிய பரப்பைச் சேர்த்தே ஆகவேண்டும்.

பிராட்ஃபோர்ட் பாரிஷ் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். பிராட்ஃபோர்ட் நகரம், ஹார்ட்டன், மேனிங்ஹாம், ஷிப்லி, தார்ன்டன், வில்ஸ்டன், ஹாவொர்த் எல்லாம் அதற்குள். ஹாவொர்த்திலிருந்து பிராட்ஃபோர்ட் தேவாலயத்துக்குச் சுமார் பத்து மைல்; நடுவே மேட்டுநிலமும் பள்ளத்தாக்கும். குளிர்காலத்தில் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் போக முடியுமா? இந்த நடைமுறைத் தேவைக்குக் கிடைத்த விடைகள் இரண்டு.

சேப்பல்ரி. தாய்த் தேவாலயம் தொலைவில் இருந்தால் கிளைக் கோயில் ஒன்று கட்டப்படும். அதைச் சுற்றிய பகுதி சேப்பல்ரி. கிளைப் பங்கு என்று சொல்லலாம். ஹாவொர்த் இப்படிப்பட்டது. தனி குரு, தனிப் பதிவேடு எல்லாம் இருந்தும் சட்டப்படி அது பிராட்ஃபோர்ட் பாரிஷின் கிளை.

டவுன்ஷிப். இது வரிக்கான அலகு. வடக்கின் பெரிய பாரிஷ்களால் ஏழைகளைக் கவனித்துக்கொள்ள முடியவில்லை என்று 1662ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டு, டவுன்ஷிப்களே தனித்தனியாக ஏழைகளுக்கான வரி தண்டவும் மேற்பார்வையாளரை வைக்கவும் வழி செய்தது. ஹாவொர்த் டவுன்ஷிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். ஹாவொர்த் கிராமம் மட்டுமல்லாமல் ஸ்டான்பரியும் ஆக்ஸன்ஹோப்பும் அதில் அடக்கம். பெரும்பகுதி ஆள் குடியிராத மேட்டுநிலம்.

சேப்பல்ரியின் இரண்டுங்கெட்டான் நிலை காகிதத்தில் மட்டும் இருந்ததல்ல. 1819இல் ஹாவொர்த்தின் குருபதவி காலியானது. பிராட்ஃபோர்ட் விகார், அதாவது தாய்த் தேவாலயத்தின் குரு, ஹென்றி ஹீப். அவர் அந்த உரிமையில் பிராண்டி சகோதரிகளின் தந்தை பேட்ரிக் பிராண்டியை முன்மொழிந்தார். ஹாவொர்த்தின் அறங்காவலர்கள் ஒப்பவில்லை. குருவின் சம்பளம் வரும் நிலங்கள் எலிசபெத் அரசி காலத்து அறக்கட்டளை ஒன்றின்கீழ் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் சம்மதம் இல்லாமல் வருபவருக்குப் பணம் கிடையாது. பேட்ரிக்கோடு அவர்களுக்குப் பகை இல்லை, உரிமைதான் வழக்கு. பிறகு ஹீப், சாமுவேல் ரெட்ஹெட் என்பவரை நியமித்தபோது மக்கள் ஆராதனையின் நடுவே எழுந்து, மரக்கட்டைச் செருப்பு ஒலிக்க வெளியேறினார்கள். ஆர்ப்பாட்டம் வாரத்துக்கு வாரம் முற்றியது. சில வாரங்களில் ரெட்ஹெட் விலகினார். இரு தரப்பும் சேர்ந்து நியமிப்பது என்ற சமரசத்தின் பேரில் 1820இல் பேட்ரிக் பிராண்டி பொறுப்பேற்றார். 1861இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

கெசட்டியரில் இந்தக் கதை இருக்காது. நியமன உரிமை பிராட்ஃபோர்ட் விகாருக்கும் அறங்காவலர்களுக்கும் என்று சில சொற்களில் முடிந்துவிடும். அந்தச் சில சொற்களுக்குப் பின்னால் ஓர் ஊரே தெருவில் இறங்கிய செய்தி இருக்கிறது. கெசட்டியரை நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணமே இந்தச் செறிவுதான்.

ஒரு பதிவைச் சொல் சொல்லாகப் பிரித்தால்

லூயிஸ், வில்சன் இருவரின் பதிவுகளிலும் அடிக்கடி வரும் சொற்கள் சில. ஹாவொர்த்தை வைத்தே பார்க்கலாம்.

1. ரைடிங். யார்க்ஷயர் மிகப் பெரியது என்பதால் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்று பொருள்படும் பழைய நோர்ஸ் (வைக்கிங்குகளின் மொழி) சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வடக்கு, கிழக்கு, மேற்கு ரைடிங்குகள் உண்டு. மூன்றுதான் என்பதால் தெற்கு ரைடிங் கிடையாது. ஹாவொர்த் மேற்கு ரைடிங்.

2. வேப்பன்டேக். மாவட்டத்தின் உட்பிரிவு. தெற்கில் இதை ஹண்ட்ரட் என்பார்கள். வைக்கிங்குகள் குடியேறிய பகுதிகளில் மட்டும் இந்த நோர்ஸ் பெயர். ஆயுதத்தை எடுத்துக் காட்டி ஒப்புதல் தெரிவித்த பழைய கூட்டத்தைக் குறிக்கும் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஏறக்குறைய வெறும் முகவரி.

3. ரெக்டரி, விகரேஜ், நிரந்தரக் குருத்துவம். குருவின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. தசமபாகம் முழுவதும் குருவுக்கே வந்தால் அவர் ரெக்டர். தானியத்தின் பெரிய தசமபாகம் மடத்துக்கோ, மடங்கள் கலைக்கப்பட்ட பிறகு நிலப்பிரபுவுக்கோ போய், சிறிய தசமபாகம் மட்டும் குருவுக்கு வந்தால் அவர் விகார். இரண்டும் இல்லாமல் நிலையான சம்பளத்தில் இருப்பவர் நிரந்தரக் குரு. பெயர் கம்பீரமாக இருந்தாலும் மூவரில் இவருக்குத்தான் பிடிமானம் குறைவு. பேட்ரிக் பிராண்டி இந்த வகை. ஆண்டுக்கு இருநூறு பவுண்டை ஒட்டிய வருமானம், வீடு அறங்காவலர்களுடையது. அவர் கண்மூடினால் பிள்ளைகளுக்கு அந்த வீடு இல்லை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஏன் ஆசிரியைகளாக வேலை தேடி அலைந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு சொல் பாதி விடை.

4. நியமன உரிமையாளர். குருவை முன்மொழியும் உரிமை யாருக்கு என்பது. இது ஒரு சொத்து. விற்கலாம், வாங்கலாம், வாரிசுக்கு விடலாம்.

5. க்ளீப். குருவின் மானிய நிலம். நம் ஊர்க் கோயில் மானியத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

6. தசமபாகம் பணமாக மாற்றப்பட்டது என்ற குறிப்பு. 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைபொருளுக்குப் பதில் பணம் கட்டும் முறை வந்தது. இதற்காக வயல் வயலாக வரைபடமும் உரிமையாளர் பட்டியலும் தயாரித்தார்கள். பதிவில் இந்தக் குறிப்பு இருந்தால், அந்த ஊருக்கு அப்படியொரு வரைபடம் இருக்க வாய்ப்புண்டு என்று பொருள். தேடுகிறவருக்குப் புதையல்.

7. அசையாச் சொத்து மதிப்பு. வில்சனில் எப்போதும் வரும். சொத்தின் விற்பனை விலை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். வரிக்காகக் கணித்த ஆண்டு வருமான மதிப்பு அது.

8. கீத்லி மாவட்டம். இதுதான் அதிகம் பேரைத் தடுமாற வைப்பது. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டம், பல பாரிஷ்களையும் டவுன்ஷிப்களையும் சேர்த்து யூனியன்களை உருவாக்கியது. வறியவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கும் பொதுவான பணியில்லம் ஒன்று, அதை நடத்த ஒரு குழு. எல்லையைத் தீர்மானித்தது சந்தை நகரத்தின் அருகாமை. ஹாவொர்த் மக்கள் நடந்து போகிற சந்தை கீத்லி. தொலைவு மூன்று நான்கு மைல்தான். எனவே பாரிஷ் பிராட்ஃபோர்டாக இருந்தும் யூனியன் கீத்லி ஆனது. 1837 ஜூலை 1 முதல் அரசு பிறப்பு இறப்புப் பதிவைத் தொடங்கியபோது இந்த யூனியன் எல்லைகளையே பதிவு மாவட்டங்களாக எடுத்துக்கொண்டது.

ஆக, 1830களின் இறுதியில் ஹாவொர்த்தில் இறந்த ஒருவரின் அடக்கம் பிராட்ஃபோர்ட் பாரிஷின் கிளைப் பதிவேட்டிலும், அதே மரணம் கீத்லி பதிவு மாவட்டத்தின் ஏட்டிலும் இருக்கும். தமிழ்நாட்டில் ஒரே ஊர் வருவாய்த்துறைக்கு ஒரு கிராமமாகவும், ஊராட்சிக்கு வேறு பெயரிலும், காவல்துறைக்கு இன்னோர் ஊரின் எல்லையாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எண்களைத் தொடும் முன்

முதலில் ஆண்டு. 1870–72இல் அச்சான வில்சனில் உள்ள மக்கள்தொகை 1861ஆம் ஆண்டுக் கணக்கு. லூயிஸின் 1848ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பது 1841ஆம் ஆண்டுக் கணக்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு வெளிவரத் தாமதமாகும், நூல் அச்சாவதும் தாமதமாகும். கம்பளி ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த மாவட்டத்தில் ஏழெட்டு ஆண்டு இடைவெளி ஊரையே மாற்றிவிடும். நூலின் அட்டையில் உள்ள ஆண்டை மக்கள்தொகையின் ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து எல்லை. ஹாவொர்த் டவுன்ஷிப்பின் மக்கள் 1821இல் 4,700க்குச் சற்றுக் குறைவு. 1841இல் 6,300ஐ ஒட்டி. இருபதே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஆனால் 1845இல் ஆக்ஸன்ஹோப் தனித் திருச்சபைப் பகுதியாகப் பிரிந்தது. வரிக்கு அது இன்னும் ஹாவொர்த் டவுன்ஷிப், வழிபாட்டுக்குத் தனி. எனவே அதற்குப் பிந்திய பதிவில் சேப்பல்ரிக்கு ஓர் எண்ணும் டவுன்ஷிப்புக்கு வேறோர் எண்ணும் வரும். 1841ஆம் ஆண்டின் டவுன்ஷிப் எண்ணையும் 1861ஆம் ஆண்டின் சேப்பல்ரி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊர் பாதியாகத் தேய்ந்துவிட்டது என்று எழுதுவது எளிது. அது முழுத் தவறு.

பரப்பும் அப்படியே. பத்தாயிரம் ஏக்கரை ஆறாயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல். விசாலமான ஊர் என்று தோன்றும். உண்மையில் மக்கள் வாழ்ந்தது செங்குத்தான ஒரே தெருவையும் அதன் சந்துகளையும் ஒட்டிய வீடுகளில். மீதி, புதர் மண்டிய மேட்டுநிலம். அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதைக் கெசட்டியர் சொல்லவில்லை.

கெசட்டியர் சொல்லாமல் விட்டது

தேவாலயம் எந்தப் புனிதர் பெயரில், குருவின் வருமானம் எவ்வளவு, பாப்டிஸ்டுகளுக்கும் மெதடிஸ்டுகளுக்கும் ஆலயம் உண்டா, பள்ளிக்கு யார் மானியம் வைத்தார் என்பவையெல்லாம் கெசட்டியரில் தவறாமல் இருக்கும். நூலை வாங்கியவர்கள் குருமார், வழக்கறிஞர், நிலவுடைமையாளர், வணிகர். அவர்களுக்குத் தேவையானது அது. குடிதண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை.

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. வரி கட்டுவோரில் பத்தில் ஒருவர் மனுப் போட்டாலோ, ஆயிரம் பேருக்கு ஆண்டு மரணம் 23ஐத் தாண்டினாலோ லண்டனிலிருந்து ஆய்வாளரை அனுப்பலாம் என்பது விதி. பேட்ரிக் பிராண்டி முன்னின்று 1849இல் மனு அனுப்பினார். பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் 1850 ஏப்ரலில் ஹாவொர்த்துக்கு வந்தார். கணிப்பொறியின் முன்னோடியான கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் மகன் இவர். அவர் அறிக்கையில் உள்ளவற்றில் சில:

1. ஆயிரம் பேருக்கு ஆண்டு மரணம் 25.4. சட்டம் வைத்த வரம்பைத் தாண்டியது.

2. இறந்தவர்களில் 41.6 விழுக்காட்டினர் ஆறு வயதுக்குள்.

3. இறப்பின் சராசரி வயது 25.8. லண்டனின் மிக நெரிசலான ஏழைப் பகுதிகளுக்கு இணையான எண். மலைக்காற்று வீசும் ஊர் இது.

4. ஊர் முழுவதற்கும் 69 கழிப்பிடங்கள். நான்கரை வீட்டுக்கு ஒன்று. சாக்கடைக் குழாய் கிடையாது. கழிவு, தெருவோரத் திறந்த வாய்க்காலில் இறங்கியது.

5. அடக்க முற்றத்தில் பத்தாண்டில் 1,344 உடல்கள். கல்லறைப் பலகைகள் தரையை மூடிக் கிடந்ததால் செடிகொடி முளைத்து மண்ணைத் தூய்மைப்படுத்தவும் வழியில்லை.

கம்பளி சீவும் தொழிலாளர்களின் வீடுகளை அவர் பார்த்த விதம் மனத்தைவிட்டு அகலாது. சீப்பைச் சூடாக வைத்திருக்க அடுப்பு இரவும் பகலும் எரியவேண்டும். வெப்பம் குறையாதிருக்கச் சன்னல்கள் அடைபட்டிருக்கும். படுக்கையும் அதே அறையில். தண்ணீருக்கோ, கோடையில் ஊற்று வற்றும்போது திங்கட்கிழமைத் துணி துவைப்புக்காக விடியலுக்கு வெகு முன்னரே, இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும், பெண்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். சில வேளை அந்தத் தண்ணீர் பச்சைப் பிடித்து, மாடுகூட வாய் வைக்காத நிலையில் இருந்தது. தமிழ்நாட்டில் குழாயடியில் நள்ளிரவில் நின்ற எவருக்கும் இந்த வரியை விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு விளக்கம். சராசரி வயது 25.8 என்பதைப் படித்து, ஹாவொர்த்தில் எல்லோரும் இருபத்தைந்தில் இறந்தார்கள் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. கைக்குழந்தைகளின் மரணம் அத்தனை அதிகம் என்பதால் சராசரி கீழே இழுக்கப்பட்டது. பேட்ரிக் பிராண்டி எண்பத்து நான்கு வயதுவரை அதே ஊரில் வாழ்ந்தார். தம் ஆறு பிள்ளைகளையும் இழந்த பிறகு. இரண்டு உண்மைகளும் ஒரே ஊருக்கு உரியவை.

அதனால் கெசட்டியரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எல்லையைச் சொல்லும். எல்லை தெரிந்தால்தான் பாபேஜின் எண்கள் எந்த மக்களைப் பற்றியவை என்றே கேட்க முடியும். ஆனால் கெசட்டியரை மட்டும் படித்து ஒரு பாரிஷின் வரலாற்றை எழுதுகிறவர், தேவாலயத்தில் எத்தனை பேருக்கு இருக்கை உண்டு என்று எழுதுவார். வெளியே குடத்தோடு நின்றவர்களை விட்டுவிடுவார்.

1866க்குப் பின் அதே சொல், வேறு பொருள்

இன்றைய குழப்பத்தில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. 1866இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், ஏழைகளுக்கான வரியைத் தனியாகத் தண்டும் எந்த இடத்தையும் சட்டத்தின் பார்வையில் பாரிஷ் என்று ஆக்கிவிட்டது. ஒரே நாளில் வடக்கின் டவுன்ஷிப்கள் எல்லாம் சிவில் பாரிஷ்கள், அதாவது தேவாலயத்தோடு தொடர்பில்லாத ஆட்சி அலகுகள். தேவாலயப் பாரிஷ் தன் வழியில் தனியாகப் போனது. 1868இல் கட்டாயத் தேவாலய வரியும் நீங்கியது. ஹாவொர்த்தின் பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும் தாங்கள் போகாத தேவாலயத்துக்கு, அதிலும் தொலைவில் உள்ள பிராட்ஃபோர்ட் தேவாலயத்துக்கு, வரி கட்டவேண்டியிருந்த நெடுநாள் மனக்குறை அதோடு தீர்ந்தது.

எனவே 1850ஆம் ஆண்டு நூலில் பாரிஷ் என்று வந்தால் முப்பதாயிரம் ஏக்கர் பிராட்ஃபோர்ட். 1887ஆம் ஆண்டு நூலில் அதே சொல் ஹாவொர்த் என்ற பழைய டவுன்ஷிப்பையே குறிக்கலாம். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் பாரிஷ் மன்றங்களையும் நகர்ப்புற, ஊரக மாவட்டங்களையும் அமைத்தது. 1938இல் ஹாவொர்த் கீத்லி நகராட்சியோடு இணைந்தது. 1974இல் ரைடிங்குகள் ஒழிந்தன. கீத்லியே பிராட்ஃபோர்ட் மாநகர மாவட்டத்துக்குள் போனது. நூற்றாண்டுகள் பிராட்ஃபோர்டின் கிளையாக இருந்து பிரிந்த ஊர், வேறொரு வழியில் மீண்டும் பிராட்ஃபோர்டுக்குள் வந்து சேர்ந்தது. 1999இல் ஹாவொர்த்துக்கு மறுபடியும் ஒரு சிவில் பாரிஷ் மன்றம் கிடைத்தது. ஸ்டான்பரி அதில் உண்டு, ஆக்ஸன்ஹோப் இல்லை. 2011 கணக்கில் அதன் மக்கள் ஏறத்தாழ ஏழாயிரம். இதை 1841இன் 6,300உடன் ஒப்பிட்டு ஊர் வளரவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பு.

திருச்சபை எல்லையும் நகர்ந்துகொண்டே இருந்தது. 1836 வரை யார்க் மறைமாவட்டம், பிறகு ரிப்பன், 1919இல் பிராட்ஃபோர்ட், 2014 முதல் லீட்ஸ். மறைமாவட்டத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பதிவேட்டு நகல்களும், 1858க்கு முந்திய உயில்களும் எந்தக் காப்பகத்தில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த எல்லை. ஹாவொர்த்துக்காரரின் பழைய உயிலைத் தேடுகிறவர் பிராட்ஃபோர்டில் தேடினால் கிடைக்காது. யார்க் நகரத்துக் காப்பகத்தில் பார்க்க வேண்டும்.

ஒரு பெயரைத் தொடர்ந்து பார்த்தால்

பிராண்டி சகோதரிகளில் ஒருவரான எமிலி பிராண்டியை எடுத்துக்கொள்ளலாம். பிறந்தது 1818 ஜூலை 30, தார்ன்டனில். அரசுப் பதிவு தொடங்கப் பத்தொன்பது ஆண்டு முன்னர். எனவே பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இல்லை. ஞானஸ்நானப் பதிவுதான் உண்டு. அது தார்ன்டன் கிளைக் கோயிலின் ஏட்டில் இருக்கிறது. தார்ன்டனைக் கெசட்டியரில் பார்த்தால் பிராட்ஃபோர்ட் பாரிஷின் சேப்பல்ரி என்று இருக்கும். 1820இல் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு ஹாவொர்த்துக்கு வந்தது. மேட்டுநிலத்தின் குறுக்கே அந்தப் பயணம் முழுவதும் ஒரே பாரிஷுக்குள்தான். இறந்தது 1848 டிசம்பர் 19, ஹாவொர்த்தில். அடக்கம் ஹாவொர்த் தேவாலயத்துக்குள், குடும்பக் கல்லறையில். அதற்குரிய வரி அந்தக் கிளைக் கோயிலின் அடக்க ஏட்டில். அதே மரணத்தை அரசு எழுதிவைத்த ஏட்டுக்குப் போகவேண்டுமானால் பிராட்ஃபோர்ட் என்று தேடக் கூடாது. கீத்லி என்று தேட வேண்டும்.